மந்திரப் பள்ளியும் இளம் வாசகரும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கதை கேட்கும் விருப்பம் குழந்தையோடு உடன்பிறந்தது. ஆனால், நூல் ஒன்றைத் தானே தேடிச்சென்று, பக்கங்களின் எண்ணிக்கைக்கு அஞ்சாமல் படித்து முடிக்கும் விருப்பம் எளிதில் வாய்ப்பதில்லை. தொலைக்காட்சியும் கணினி விளையாட்டும் சிறுவரின் பொழுதை நிரப்பத் தொடங்கியிருந்த 20ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரிட்டனில் வெளியான சிறுவர் புதினம் ஒன்று அவ்விருப்பத்தை உலகெங்கும் எழுப்பியது. அதற்குரிய காரணங்களையும் அதன் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு நள்ளிரவும் ஒரு கோடி நூல்களும்

2007ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் நள்ளிரவில், பிரிட்டனின் புத்தகக் கடைகள் பல அடைக்கப்படாமல் திறந்திருந்தன. சிறுவர்களும் இளைஞர்களும் அவர்தம் பெற்றோரும் கடை வாயில்களில் நீண்ட வரிசையில் காத்திருந்தனர். திரைப்பட நடிகரையோ விளையாட்டு வீரரையோ காண வந்த கூட்டமன்று அது. ‘ஹாரி பாட்டர்’ வரிசையின் ஏழாவது, இறுதிப் புதினத்தை வாங்க வந்த கூட்டம். முதல் 24 மணி நேரத்திற்குள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றுத் தீர்ந்தன. ஆனால், பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வரிசையின் முதல் நூல் வெளியானபோது, கெட்டி அட்டையில் அச்சிடப்பட்டவை வெறும் 500 படிகளே.

நூல் பிறந்த வரலாறு

இப்புதின வரிசையின் ஆசிரியர் ஜே. கே. ரௌலிங். 1990ஆம் ஆண்டில் மான்செஸ்டரிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் தொடர்வண்டி காலந்தாழ்த்தியபோது, தான் ஒரு மந்திரவாதி என்பதையே அறியாமல் வளரும் சிறுவனைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியிலேயே அவருடைய தாயார் நெடுநாள் நோயால் காலமானார். பின்னர் அவர் போர்ச்சுகல் நாட்டில் ஆங்கிலம் கற்பித்தார். மணமுறிவுக்குப் பின் கைக்குழந்தையுடன் எடின்பரோ நகருக்குத் திரும்பினார். அரசின் உதவித்தொகையில் வாழ்ந்துகொண்டு, சிற்றுண்டிச் சாலைகளில் அமர்ந்து எழுதினார். எழுதியதைத் தட்டச்சுப் பொறியில் தாமே தட்டெழுதினார்.

முடிக்கப்பட்ட நூலைப் பன்னிரண்டு பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. இறுதியில் ‘புளூம்ஸ்பரி’ பதிப்பகத் தலைவர் முதல் இயலைத் தம் எட்டு வயது மகளிடம் படிக்கக் கொடுத்தார். படித்து முடித்த சிறுமி, அடுத்த பகுதியையும் உடனே கேட்டாள். பெரியவர் பலர் காணத் தவறியதை ஒரு குழந்தை கண்டுகொண்டது. 1997 ஜூன் 26இல் நூல் வெளிவந்தது. பெண் எழுதிய நூலைச் சிறுவர்கள் படிக்கத் தயங்குவர் எனப் பதிப்பகத்தார் கருதியதால், ‘ஜோன்’ என்னும் இயற்பெயர் மறைந்து ‘ஜே. கே.’ என்னும் முன்னெழுத்துகள் அட்டையில் இடம்பெற்றன. அவற்றுள் ‘கே’ என்பது அவருடைய பாட்டியாரின் பெயராகிய ‘கேத்லீன்’ என்பதிலிருந்து பெறப்பட்டது.

சிறுவர் அளித்த தீர்ப்பு

அவ்வாண்டே இந்நூல் பிரிட்டனின் ‘ஸ்மார்ட்டீஸ்’ பரிசைப் பெற்றது. பெரியவர் குழு தெரிவுசெய்த நூல்களைப் பள்ளிச் சிறுவர்களே படித்து, வாக்களித்து வரிசைப்படுத்தியது அப்பரிசின் சிறப்பாக இருந்தது. அடுத்தடுத்து வந்த இரண்டாம், மூன்றாம் நூல்களுக்கும் அப்பரிசு கிட்டியது. பெருவிளம்பரங்கள் வருவதற்கு முன்பே, படித்த சிறுவன் தோழனுக்குச் சொல்ல, தோழன் வகுப்பிற்குச் சொல்ல, நூலின் புகழ் பரவியது. அமெரிக்காவில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் விற்பனைப் பட்டியலில் இவ்வரிசை நூல்கள் தொடர்ந்து முன்னிடங்களைப் பிடித்திருந்தன. அதனால் 2000ஆம் ஆண்டில் அந்நாளிதழ் சிறுவர் நூல்களுக்கெனத் தனிப்பட்டியலையே தொடங்கியது.

ஈர்ப்பிற்கான காரணங்கள்

மந்திரக் கதைகள் ஆங்கிலத்திற்குப் புதியவை அல்ல. லூயிஸ் கரோல் 1865இலும் டோல்கீன் 1937இலும் சி. எஸ். லூயிஸ் 1950இலும் புகழ்பெற்ற சிறுவர் புனைவுகளை வெளியிட்டனர். விடுதிப் பள்ளிக் கதைகளும் தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய புதினத்திலிருந்து தொடரும் நீண்ட மரபுடையவை. இவ்விரு மரபுகளையும் ரௌலிங் ஒன்றாக இணைத்தார்.

தாய் தந்தையை இழந்த ஹாரி, பெரியம்மாவின் வீட்டு மாடிப்படியின் அடியிலுள்ள சிற்றறையில் புறக்கணிக்கப்பட்டு வாழ்கிறான். பதினோராம் அகவையில் ‘ஹாக்வார்ட்ஸ்’ மந்திரப் பள்ளியிலிருந்து அவனுக்கு அழைப்பு வருகிறது. அங்கும் பாடவேளை உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, தேர்வு உண்டு, கண்டிப்பான ஆசிரியரும் அன்பான ஆசிரியரும் உண்டு. மந்திரம் கற்பதற்கும் உழைப்பும் பயிற்சியும் வேண்டும். வாசகர் தாம் நாள்தோறும் காணும் பள்ளியையே புதிய ஒளியில் காண்கின்றனர். அறியாத உலகிற்குள் அறிந்த வாயில் வழியாக நுழைவதே இப்புனைவின் முதல் ஈர்ப்பாகும்.

மந்திரத்திற்கு எல்லை வகுக்கப்பட்டிருப்பது இரண்டாவது காரணம். எதையும் நிகழ்த்தவல்ல மந்திரம் கதையின் சுவையைக் கெடுத்துவிடும். இக்கதையிலோ இறந்தவரை எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது. காண்பவரின் உள்ளத்து ஆசையைக் காட்டும் கண்ணாடியில் ஹாரி தன் பெற்றோரைக் காண்கிறான். ஆனால், அவர்களைத் தொட இயலவில்லை. தாயை இழந்த துயரோடு எழுதிய ஆசிரியர், இழப்பை மறைக்காமல் சிறுவருக்கு உரைத்தார். தம்மை ஏமாற்றாத நூலைச் சிறுவர் நம்புகின்றனர்.

மூன்றாவது காரணம் வளர்ச்சி. முதல் நூலில் பதினோரு வயதினனாகிய ஹாரி, ஏழாம் நூலில் பதினேழு வயதை அடைகிறான். கதைத்தலைவன் வளர, நடையும் சிக்கலும் வளர்ந்தன. பிரிட்டனில் வெளியான முதல் நூல் 223 பக்கங்களை உடையது. ஐந்தாம் நூலோ 766 பக்கங்களை உடையது. சிறுவர் பெரிய நூல்களைப் படிக்கமாட்டார்கள் என்னும் கருத்தை இவ்வேறுபாடு தகர்த்தது. பக்க அளவு சிறுவரை விரட்டுவதில்லை. அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் அற்ற நூலே விரட்டுகிறது.

காத்திருத்தலும் படைத்தலும்

நான்காம் நூல் 2000இலும் ஐந்தாம் நூல் 2003இலும் வெளிவந்தன. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் வாசகர் சும்மா இருக்கவில்லை. படித்த நூல்களையே மீண்டும் படித்தனர். ஆசிரியர் விட்டுச்சென்ற குறிப்புகளைத் தேடினர். கதையின் போக்கு குறித்து விவாதித்தனர். அதே மாந்தரைக் கொண்டு தாமே கதைகள் எழுதினர். கூர்ந்து படித்தல், சான்று காட்டல், மறுத்துரைத்தல் ஆகிய இலக்கியக் கல்வியின் திறன்கள் மதிப்பெண் நோக்கமின்றி அவர்களிடம் வளர்ந்தன.

மொழிபெயர்ப்பு வரும்வரை பொறுக்க முடியாத பிரெஞ்சு வாசகர் ஆங்கில நூலையே வாங்கினர். 2003இல் ஐந்தாம் நூலின் ஆங்கிலப் பதிப்பு பிரான்சின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2007இல் பிரான்சில் பதினாறு வயது மாணவர் ஒருவர், ஏழாம் நூலின் பிரெஞ்சுப் பதிப்பு வருமுன்னரே அதனை மொழிபெயர்த்து இணையத்தில் வெளியிட்டமைக்காகக் காவல்துறையினரால் பிடிக்கப்பட்டார். பதிப்புரிமையை மீறிய அச்செயல் தவறே. எனினும், பதினாறு வயதினர் ஒருவர் பிறமொழிப் பெருநூல் ஒன்றைத் தம் மொழிக்குக் கொணர முனைந்தார் என்பது வாசிப்பின் வலிமையைக் காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

முதல் நூலில் குறிப்பிடப்படும் நிக்கோலஸ் பிளமெல் கற்பனை மாந்தர் அல்லர். பாரிசு நகரில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எழுத்தர். இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் கலையை அவர் அறிந்திருந்தார் என்னும் கதை அவர் மறைவுக்குப் பின் எழுந்தது. அக்கலையைத் தமிழ்ச் சித்தர் மரபு ‘இரசவாதம்’ என வழங்குகிறது. அதனால், ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ என்னும் தமிழ்ப் பெயர்ப்பின் தலைப்பிற்குப் புதுச்சொல் படைக்கும் தேவை எழவில்லை.

எதிர்ப்பும் மறுமொழியும்

இந்நூல்களுக்கு எதிர்ப்பும் எழுந்தது. மந்திரத்தையும் சூனியத்தையும் இவை சிறுவர் மனத்தில் விதைக்கின்றன என்று சமயம் சார்ந்த சிலர் கருதினர். 2000 முதல் 2009 வரை நூலகங்களிலிருந்து நீக்கக் கோரப்பட்ட நூல்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்டது. அதில் ஹாரி பாட்டர் வரிசை முதலிடம் பெற்றது. புனைவைப் புனைவென்று உணர்ந்தே சிறுவர் சுவைக்கின்றனர் என்பதை இவ்வெதிர்ப்பாளர் கருதவில்லை. பேசும் நரியின் கதையைக் கேட்ட குழந்தை, தெருவில் காணும் நரியிடம் பேச முற்படுவதில்லை.

இலக்கியத் திறனாய்வாளர் ஹெரால்டு புளூம் எழுப்பிய மறுப்பு வேறு வகையினது. நடை தேய்ந்துபோன தொடர்களால் ஆனது என்றும், இதைப் படிப்பவர் சிறந்த இலக்கியங்களை நாடுவர் என்பதற்கு உறுதியில்லை என்றும் அவர் 2000ஆம் ஆண்டில் வாதிட்டார். இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்கக் கலைகளுக்கான தேசிய அமைப்பு 2007இல் வெளியிட்ட அறிக்கை கருதத்தக்கது. மகிழ்ச்சிக்காக எதையுமே படிக்காத பதினேழு வயதினர் 1984இல் 9 விழுக்காடாக இருந்தனர். 2004இல் 19 விழுக்காடாக உயர்ந்தனர். ஹாரி பாட்டரின் புகழ் ஓங்கிய காலத்திலும் அந்நாட்டில் இளையோரின் வாசிப்புச் சரிவு தொடர்ந்தது.

இதிலிருந்து நாம் உணர்வது யாது? ஒரு நூல் ஒரு தலைமுறையை முழுமையாக வாசகராக்கிவிடாது. அது கதவைத் திறக்கும். உள்ளே அழைத்துச்செல்ல அடுத்த நூல் வேண்டும். அந்த நூலை எடுத்துத்தரும் ஆசிரியரும் நூலகரும், அதைப் படிப்பதற்குரிய பொழுதும் வேண்டும்.

உள்ளத்தில் நிகழும் மாற்றம்

கதையில் மந்திரவாதிகளுக்குப் பிறக்காத மாணவர்களைத் தாழ்ந்தவர் என இகழும் கூட்டம் ஒன்று உண்டு. ஹாரியின் தோழி ஹெர்மயனி அவ்வாறு இகழப்படுபவள். ஆயினும், வகுப்பில் அவளே முதல் மாணவி. இக்கருத்து வாசகரின் மனத்தை மாற்றுமா என இத்தாலிய ஆய்வாளர் ஆராய்ந்தனர். ஐந்தாம் வகுப்பு மாணவர் 34 பேரை இரு பிரிவாக்கி, ஆறு வாரங்கள் கதைப்பகுதிகளைப் படித்து உரையாடச் செய்தனர். ஒரு பிரிவினர் இழிவுபடுத்தல் குறித்த பகுதிகளையும், மற்றொரு பிரிவினர் அதனோடு தொடர்பற்ற பகுதிகளையும் படித்தனர். முதற்பிரிவில் ஹாரியோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொண்ட மாணவரிடம், வேற்று நாட்டிலிருந்து குடியேறியோர் மீதான மனப்பான்மை மேம்பட்டது. 2014ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு சிறியதே. எனினும், பிறராக நின்று உணரும் ஆற்றலைக் கதை வளர்க்கும் என்பதை அது சுட்டுகிறது.

நிறைவாக

இவ்வரிசையின் சொற்களுள் ஒன்றான ‘மகுள்’ 2003இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. மந்திரம் அறியாத மக்களைச் சுட்டும் சொல் அது. எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இந்நூல்கள் பெயர்க்கப்பட்டுள்ளன. ஆயினும், ஒரு நூலின் பயனை விற்பனை எண்ணிக்கை மட்டும் அளந்துவிடாது. மந்திரக்கோல் இல்லாத உலகிற்குத் திரும்பிய வாசகர், அங்கு இகழப்படுவோர் பக்கம் நிற்கிறாரா, அடுத்து ஒரு நூலைக் கையில் எடுக்கிறாரா என்பனவே அதன் அளவுகோல்கள். இளையோர் விரும்பும் நூலை எள்ளி நகையாடாமல் அதிலிருந்தே தொடங்கி, மேலும் நல்ல நூல்களுக்கு வழிகாட்டுவது பெரியோர் கடன். தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடாமல் நடப்பது இளையோர் கடன்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் விரும்பிப் படித்த கதைநூல் ஒன்றை வகுப்பில் அறிமுகம் செய்து, அது உங்களை ஈர்த்தமைக்கான காரணங்களைக் கூறுக.
2. ‘மாயக் கதைகள் சிறுவருக்கு நன்மை தருமா?’ என்னும் தலைப்பில் இரு அணியாகப் பிரிந்து விவாதிக்க.

மதிப்பீடு

குறுவினா

1. ‘ஸ்மார்ட்டீஸ்’ பரிசின் தனித்தன்மை யாது?
2. ‘ரசவாதக் கல்’ என்னும் தலைப்பிற்குத் தமிழில் புதுச்சொல் தேவைப்படாதது ஏன்?

சிறுவினா

1. மந்திரத்திற்கு எல்லை வகுத்தல் கதைக்கு எவ்வாறு வலிமை சேர்க்கிறது?
2. ஹெரால்டு புளூமின் மறுப்பை எளிதில் ஒதுக்க இயலாது எனக் கட்டுரை கூறுவதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா

‘ஒரு நூல் கதவைத் திறக்கும், உள்ளே அழைத்துச்செல்ல அடுத்த நூல் வேண்டும்’ – பாடப்பகுதியின் சான்றுகளுடன் இக்கூற்றை ஆராய்க.