ஸ்டேஷன் வாசலைத் தாண்டி உள்ளே போனா என்ன பேசணும்?

ஒரு சின்னக் கேள்வி. உங்க ஊர் கோழிப்பண்ணை ஓனர் பேர் உங்களுக்குத் தெரியும். லாரி பட்டறைக்காரர் பேரும் தெரியும். உங்க தெரு எந்த போலீஸ் ஸ்டேஷன் லிமிட்டில் வருது, அங்கே இப்போ எஸ்.ஐ. யார்னு தெரியுமா? பத்து பேரைக் கேட்டா ரெண்டு பேர் சொன்னாலே அதிகம்.

எருமப்பட்டியிலேயே ஸ்டேஷன் இருக்கு. ஆனாலும் சுத்துப்பட்டு கிராமத்துல ஒருத்தர் பைக் காணாமப் போனா, அவர் நேரா அங்கே போறதில்லை. "ஸ்டேஷன்ல பேசத் தெரிஞ்ச" ஆள் ஒருத்தரைத் தேடிப் பிடிப்பார். அது கட்சிக்காரரா இருக்கலாம், பழைய கவுன்சிலரா இருக்கலாம். அவர் பைக்கை எடுத்துட்டு வந்து, டீ குடிச்சு, ஏட்டய்யாகிட்ட ரெண்டு வார்த்தை பேசி முடிக்கறதுக்குள்ள அரை நாள் ஓடிடும். திருடனுக்கு அந்த அரை நாள் போதும். போலீசுக்கும் மக்களுக்கும் நடுவுல பேச்சு இல்லாததால வர்ற நஷ்டம் இதுதான்.

இந்த இடைவெளியை அடைக்க தமிழ்நாட்டில் நடந்த பெரிய முயற்சி 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'. 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ஆரம்பித்தது. பொதுமக்களில் ஆர்வம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, ரோந்து, போக்குவரத்து, தகவல் சொல்வது போன்ற வேலைகளில் போலீசோடு சேர்த்துக்கொள்வது அதன் திட்டம். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. நம்ம அப்பா வயசுக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க, திருவிழாக் கூட்டத்துல தொப்பி போட்டு நின்ன யாரையாவது அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2020 ஜூன் 19-ஆம் தேதி, ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துப் போனது. 22-ஆம் தேதி மகனும், 23-ஆம் தேதி அப்பாவும் இறந்தார்கள். அந்த ஸ்டேஷனில் அன்றைக்கு ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் ஆட்களும் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்புக்கு மாநிலம் முழுக்கத் தடை போட்டது. பின்னாடி சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது போலீஸ்காரர்கள் மீதுதான்.

தடை சரியா தப்பா என்பதை விட எனக்கு வேற ஒரு விஷயம் உறுத்துது. மக்கள் சொல்றதைப் போலீஸ்கிட்ட கொண்டுபோகணும்னு ஆரம்பிச்ச அமைப்பு, நடைமுறையில பல இடங்கள்ல போலீசோட கூடுதல் கையா மாறிப்போச்சு. விசில் ஊதவும் வண்டியை மடக்கவும் ஆள் சேர்த்தா அதுக்குப் பேர் பேச்சுவார்த்தை கிடையாது.

இதுக்கு மாறா நடந்தது திருச்சி. 1999-ல் அங்கே கமிஷனராக வந்த ஜே.கே.திரிபாதி, நகரத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட பீட்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பீட்டுக்கும் குறிப்பிட்ட சில காவலர்கள். அவங்களைச் சட்டுனு மாத்த மாட்டாங்க, அதனால மக்களுக்கு அவங்க முகமும் பேரும் பழகிடும். தெருக்களில் புகார்ப் பெட்டிகளும் வைத்தார்கள். பேர் போடாமலே எழுதிப் போடலாம். கேரளத்தில் 2008-ல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டமும் ஏறக்குறைய இதே வழிதான். பீட் அதிகாரி வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும். ஜப்பானில் 'கோபன்' என்ற சின்னச் சின்ன போலீஸ் கூண்டுகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கு. வழி கேட்க, தொலைஞ்ச குடையைத் தேடக்கூட ஜனங்க அங்கே போறாங்க. குற்றம் நடக்காத நாள்லயும் பேச்சு நடக்குது பாருங்க, அதுதான் விஷயம்.

சரி, நம்ம கையில என்ன இருக்கு? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கு. அதில் 173-ஆம் பிரிவை ஒரு தடவையாவது படிச்சிடுங்க. சேலம் பஸ் ஸ்டாண்டில் போன் திருடு போயிடுச்சு, எருமப்பட்டியில இறங்கினப்புறம்தான் பார்க்கறீங்கன்னு வைங்க. "அது எங்க லிமிட் இல்லப்பா" என்று திருப்பி அனுப்ப முடியாது, எல்லை எதுவானாலும் தகவலைப் பதியணும். ஆன்லைனில் அனுப்பினாலும் செல்லும், ஆனா 3 நாளுக்குள்ள நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தா எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்கலைன்னா மாஜிஸ்திரேட்கிட்ட போகலாம். இன்னொன்று, 193-ஆம் பிரிவு: விசாரணை எந்த அளவில் இருக்குன்னு 90 நாளுக்குள்ள புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸே தெரிவிக்கணும். போலீஸ் நம்மகிட்ட பேசியே ஆகணும்னு சட்டமே சொல்ற இடம் இது. ரொம்பப் பேருக்குத் தெரியாது, அதனால யாரும் கேக்கறதில்லை.

நம்ம பசங்க அதிகமா ஏமாறுறது சி.எஸ்.ஆர். விஷயத்துலதான். சி.எஸ்.ஆர். என்பது உங்க மனு வந்து சேர்ந்ததுக்கான ரசீது. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில், 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் உண்டு. ஆகவே ரசீதை மடிச்சுப் பர்ஸில் வெச்சுட்டு ஆறு மாசம் காத்திருக்காதீங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் போய், "சார், எஃப்.ஐ.ஆர். ஆயிடுச்சுங்களா?" என்று மரியாதையாவே கேளுங்க. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலும் நிலவரம் பார்க்கலாம்.

புகார் எழுதும்போது கதை வேண்டாம். தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார், என்ன சொன்னார், என்ன போச்சு. பைக்குன்னா சேஸிஸ் நம்பர், போனுன்னா ஐ.எம்.இ.ஐ. நம்பர் (இப்பவே *#06# அடிச்சு எழுதி வெச்சுக்கோங்க). ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போங்க. ரைட்டர் பிஸியா இருப்பார், உண்மையிலேயே இருப்பார். பந்தோபஸ்து, கோர்ட், சம்மன்னு ஒரு சின்ன ஸ்டேஷன்ல ஆளே இருக்க மாட்டாங்க. தெளிவா எழுதின ஒரு பக்கம் அவருக்கும் உதவிதான். ஆன்லைன்ல பணம் போனா மட்டும் எழுதிட்டு உக்காராதீங்க, உடனே 1930-க்குப் போன் அடிங்க. பணம் அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள நிறுத்தணும்.

கடைசியா நம்ம பகுதிக்கே உரிய ஒன்று. கோழிப்பண்ணையிலும் பட்டறையிலும் வேலை செய்ற ஒடிசா, பீகார் அண்ணன்களுக்குச் சம்பளமோ போனோ பறிபோனா, ஏட்டய்யாவுக்கு அவங்க பாஷை தெரியாது, அவங்களுக்குத் தமிழ் வராது. நம்ம ஹாஸ்டலில் இந்தி தெரிஞ்ச பசங்க குறைஞ்சது நாலு பேராவது இருப்பாங்க. தேதி, நேரம், இடம், நடந்தது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்துட்டு, கூட ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வர ஒரு சனிக்கிழமை போதும். முன்வர்றவங்க ஆசிரியர் குழுவுக்குப் பேர் கொடுங்க.