தன்னைத் தானே பார்த்தல்

மீலாத் பேச்சுப் போட்டிக்கு வீட்டில் பழகியபோது ராத்தா அதைப் போனில் பதிவு செய்தா. "நிதானமாகத்தான் பேசினேன்" என்று நான் சாதித்தேன். வீடியோவைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். மூச்சு விடாமல் ஓடியிருக்கிறேன். கண் முழுக்க முகட்டில். ராத்தா பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது ஒரு நிமிடத்தில் ஏறியது.

உளப்பிளவு நோயாளரின் புனர்வாழ்விலும் இவ்வழி பயன்படுகிறது. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்றது 2022 இல் உலக சுகாதார நிறுவனம். இல்லாத குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் பலருக்கு மருந்தால் குறைகின்றன. ஆனால் நோய் நாட்பட்டவர்களிடம் காணப்படும் உணர்ச்சியற்ற முகம், தாழ்ந்த குரல், ஒதுங்கியிருத்தல் ஆகியவை மருந்துக்கு எளிதில் மசிவதில்லை. தான் அப்படி இருப்பது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். பிறர் சொன்னால் குறை சொல்வதாகவே தோன்றும்.

எனவே கடையில் மிச்சக் காசு கேட்பது போன்ற சிறு காட்சியை நடிக்கச் செய்து பதிவு செய்கிறார்கள். எப்படிச் செய்தார் என்று முதலில் அவரிடமே கேட்கிறார்கள். பிறகு சேர்ந்து பார்க்கிறார்கள். முகம் பார்த்துப் பேசினேனா, குரல் கேட்டதா என்று அவரே தாளில் அடையாளமிடுகிறார். நன்றாக வந்ததைத்தான் முதலில் பேசுவார்கள். திருத்துவதற்கு ஓரிரு விடயங்கள் போதும். பிறகு மறுபடி நடிப்பு.

வீடியோ வருவதற்கு முன்பே இந்த எண்ணம் இருந்தது. இங்கிலாந்தின் சரே மாவட்ட மனநோய் விடுதியில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த வைத்தியர் ஹியூ டயமன்ட், நோயாளரைப் புகைப்படம் எடுத்து அவர்களுக்கே காட்டினார். 1856 இல் ரோயல் சொசைட்டிக்கு அதுபற்றி எழுதினார். தன்னை அரசி என்று நம்பிய 20 வயதுப் பெண்ணொருத்தி தன் படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதே அவளது குணத்துக்கு முதற்படி என்றார். படம் மட்டுமே குணப்படுத்தியது என்று நான் நம்பவில்லை.

நோய் கடுமையாக இருக்கும் நேரத்தில், யாரோ தன்னைக் கண்காணிப்பதாக அஞ்சுபவர் முன் கமராவை நீட்டினால் பயம்தான் கூடும். தன் கோலத்தைக் கண்டு மனமுடைபவரும் உண்டு. அதனால்தான் முதலில் சம்மதம் கேட்கிறார்கள். பார்க்கும்போது கூடவே இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் நோய் முற்றிக் கத்தியபோது யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்த வீடியோ வட்ஸ்அப்பில் சுற்றி அவரது உம்மாவின் போனுக்கும் வந்து சேர்ந்தது. எனக்கும் வந்தது. முழுவதையும் பார்த்த பிறகுதான் அழித்தேன்.