சூரத்துக்குப் புறப்படும் இளம் ஆராய்ச்சியாளருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

முறைசாராத் தொழிலாளரின் வாழ்க்கையை ஆராய்வதற்குச் சூரத் நகரத்து வைரப் பட்டறைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்றறிந்து மிகுந்த சந்தோஷமடைந்தேன். ஆயினும் நீ அனுப்பிய வினாப்பட்டியலைப் படித்தபோது, அவர்களை உலக முதலாளித்துவத்துக்குப் புறம்பே வாழும் ஒரு தனி உலகத்தவராக நீ கருதிவிட்டாயோ என்ற கவலை என் மனத்தில் எழுந்தது. கானா நாட்டின் அக்ரா நகரத்தில் முறைசாரா உழைப்பைப் பற்றிக் கீத் ஹார்ட் செய்த ஆராய்ச்சியையும், கென்யாவைப் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1972-இல் வெளியிட்ட அறிக்கையையும் நீ படித்திருப்பது நல்லதே. ஆனால் வேலையிழந்தோரையெல்லாம் கருணையோடு ஏற்றுக்கொள்ளும் புகலிடம் முறைசாராத் துறை என்று பிற்காலத்தார் சிலர் வர்ணித்தார்களே, அந்த அபிப்பிராயத்தை நீ பரீட்சிக்காமல் ஏற்கலாகாது.

2008-ஆம் ஆண்டை எடுத்துக்கொள். செப்டம்பர் மாதத்தில் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்து, அமெரிக்க நகைக்கடைகளில் விற்பனை குன்றியதும், தீபாவளி விடுமுறைக்கென மூடிய சூரத் பட்டறைகள் பல, விடுமுறை முடிந்தும் திறக்கவேயில்லை. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுவந்தவர்களை வேலையிலிருந்து நீக்குவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை. ஓராண்டு தொடர்ந்து, அதாவது 240 நாள், உழைத்த ஒருவரை ஆட்குறைப்புச் செய்தால், அவர் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை நஷ்டஈடாகத் தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் விதித்திருந்தது உண்மைதான். ஆனால் நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் இல்லாத, வருகைப் பதிவேட்டில் பெயரும் ஏறாத ஒரு தொழிலாளி, அந்த 240 நாளை எந்த நியாயஸ்தலத்தில் எதைக் காட்டி நிரூபிப்பார்? இந்தச் சான்றின்மை தற்செயலாக நேர்ந்ததன்று என்பதே என் திடமான நம்பிக்கை. சந்தை ஏறும் காலத்தில் லாபம் மேலே செல்லவும், சரியும் காலத்தில் நஷ்டம் ஓசையின்றிக் கீழே இறங்கவும் வழிசெய்வது அதுவே. உன் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையும் அங்கேதான் இருக்கிறது.

நாட்டு மக்களில் 77 சதவிகிதத்தினர், அதாவது 83 கோடியே 60 லட்சம் பேர், நாளொன்றுக்கு இருபது ரூபாய்க்குள் செலவிட்டு ஜீவிக்கிறார்கள் என்று, முறைசாராத் துறையை ஆராய்ந்த அர்ஜுன் சென்குப்தா கமிஷன் 2007-இல் அறிவித்தபோது தேசம் திடுக்கிட்டது, திடுக்கிட வேண்டியதுதான். எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லிற்று. எவர் கைகளின் வழியே அந்த வறுமை வந்து சேர்ந்தது என்பதை உன்னைப் போன்றவர்கள்தாம் நேரில் சென்று விசாரித்தறிய வேண்டும். ஆகவே, “உங்களுக்கு வேலை இருக்கிறதா?” என்ற உன் முதல் வினாவை அடித்துவிடு, பட்டறை மூடியபின் தெருவோரத்தில் காய்கறி விற்று அரைவயிறு கழுவுகிறவரும் அதற்கு ஆம் என்றே விடையளிப்பார். கல்லைத் தந்தவர் யார், தீட்டிய கல் யாரிடம் போயிற்று, கல் உடைந்தால் யார் பொறுப்பு என்று கேள்.

சூரத்திலேயே தங்கிவிடவும் வேண்டாம். 2008-ஆம் வருஷம் வேலையிழந்தவர்களில் பலர் அம்ரேலி, பாவ்நகர் முதலிய சௌராஷ்டிரத்துப் பகுதிகளிலுள்ள தம் கிராமங்களுக்கே திரும்பினார்கள். பட்டறைகளில் மட்டும் விசாரித்தால், வேலை மிஞ்சியவர்களின் கதையே உனக்குக் கிடைக்கும். முதலாளிமார் உபகாரமாக அனுப்பிவைக்கும் துபாஷியை உடன் அழைத்துச் செல்லாதே. குஜராத்தி பாஷையை நீயே கற்றுக்கொள், அதற்காக ஆறு மாதம் பயணத்தை ஒத்திப்போட நேர்ந்தாலும் சரி.

அன்புடன்,
உன் ஆசிரியன்