ஏலத்தில் எடுத்த ராணுவ டிரெய்லர்

அமெரிக்க ராணுவம் கழித்த எம்-416 டிரெய்லர்களை அங்கே பொதுமக்கள் ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள். ஜீப்புக்குப் பின்னால் ஓடிய கால் டன் வண்டி. எடுப்பது சுலபம், வீட்டுக்கு இழுத்து வருவதில்தான் இருக்கு விஷயம்.

முன்னால் இருப்பது இரும்பு வளையம். அதற்குப் பின்டில் ஹூக் வேணும், பந்துக் கொக்கியில் மாட்டாது. விளக்குகள் 24 வோல்ட். 12 வோல்ட் கொடுத்தால் வெளிச்சம் பாதியாவது வருமே என்று நினைக்காதீங்க; பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிசு. பின்னால் வருபவருக்கு நாம் பிரேக் போட்டதே தெரியாது.

நான் அதிகம் பயப்படுவது டயருக்குத்தான். பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், பக்கச்சுவரில் வெடிப்பு ஓடியிருக்கும். 2308 என்று அச்சிட்டிருந்தால் 2008-ம் வருஷம் 23-ம் வாரம் செய்தது. அதை நம்பி நெடுஞ்சாலை ஏறக்கூடாது. நின்ற வண்டியில் பேரிங் கிரீஸும் காய்ந்திருக்கலாம். பத்து கிலோமீட்டரில் நிறுத்தி, ஹப் பக்கம் கையைக் கொண்டு போய்ப் பாருங்க. அனல் அடித்தால் அங்கேயே கழற்றணும்.