உன் பேரலுக்கு எந்த பெல்லட்?

ஏர் ரைபிள் ரேஞ்சுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரமே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஐயா, எந்த பெல்லட் நல்ல பெல்லட்?" அதற்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் நீளம், கண்ணு.

1. அமெரிக்காவில் மானுக்கும் எல்க்குக்கும் போகிறவர்கள் வீட்டு மேசையிலேயே வெடிமருந்தை நிறுத்து, குண்டு தேர்ந்து தோட்டா கட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வராதே. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அமராவதிப் பக்கம் புள்ளிமானைக் கண்டால் போட்டோ எடு. நஞ்சராயன் குளத்துப் பறவையிடம் ஏர் ரைபிளின் வீரத்தைக் காட்டுகிறவனை நான் ரேஞ்சுக்குள் விடமாட்டேன்.

2. நம் பெல்லட் 4.5 மி.மீ., எடை அரை கிராமுக்குச் சற்று மேல். தலை தட்டையாக இருப்பதைத்தான் வாங்க வேண்டும். அது காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடும். உருண்டைத் தலை காகிதத்தைக் கிழிக்கும், புள்ளி எண்ணுவதில் தகராறு வரும்.

3. தலை அளவில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். டின்மேல் 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஆனாலும் ஒரே கம்பெனியின் இரண்டு ரைபிளில் ஒன்றுக்கு 4.49 பிடிக்கும், இன்னொன்றுக்கு 4.50 பிடிக்கும். சாம்பியன் எதைப் போடுகிறார் என்பது அவருடைய பேரலின் கதை. உன் பேரலைக் கேள். ரைபிளைக் கிளாம்பில் அசையாமல் பூட்டு. 10 மீட்டரில் ஒவ்வொரு வகையிலும் பத்து பெல்லட் சுடு. பத்தும் ஒரே ஓட்டைக்குள் விழ வேண்டும். அந்த ஓட்டை பெல்லட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கலாம். ஒன்பது கச்சிதமாக விழுந்து ஒன்று விலகினால் திரும்பவும் பத்து சுடு. விலகியதை எண்ணாமல் விடுவது உன்னையே ஏமாற்றுவது. கையில் பிடித்துச் சுட்டுச் சோதிக்காதே. விலகியது பெல்லட்டா, உன் தோளா என்று தெரியாது.

இத்தனை கஷ்டம் எதற்கு? அட்டையில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு வெறும் அரை மி.மீ. இப்போது தகுதிச் சுற்றிலேயே 10.3, 10.7 என்று தசமத்தில் எண்ணுகிறார்கள், உச்சம் 10.9. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் கடைசிக் குண்டு 10.8. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே 10 மீட்டரில்தான்.

4. பிடித்தது கிடைத்ததும் லாட் நம்பரைக் குறித்து, அதே லாட்டில் முடிந்தவரை வாங்கி வை. திருப்பூர்ப் பிள்ளைக்கு இதை விளக்கவா வேண்டும்? இரண்டு லாட் நூலை ஒரே துணியில் ஓட்டினால் சாயப்பட்டறையிலிருந்து பட்டை பட்டையாகத்தானே வரும்.

5. .22 ரைபிளுக்குப் போகிறவர்களும் லாட் பார்த்துத்தான் தோட்டா வாங்குகிறார்கள். அது உரிமம், ஒதுக்கீடு என்று தனிப் பாடம்; பிறகு பார்க்கலாம்.

6. டின்னைக் கீழே போட்டால் அதிலுள்ளதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள். பெல்லட்டின் பின்பக்க விளிம்பான பாவாடை ஈயம், மெல்லிசு. நசுங்கினால் காற்று கசியும், குண்டு ஒழுங்காகப் போகாது. போட்டிக்கு எடுப்பதை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்.

7. ஈயம் விஷம். வாயில் வைக்காதே, ரேஞ்சுக்குள் பப்ஸ், டீ வேண்டாம். வீட்டுக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் டின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

8. போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிஷம். அதற்கு முன் தரும் 15 நிமிஷத்தில் பழைய டின்னைத் தீர்க்கிற சிக்கனம் வேண்டாம். எந்த லாட்டில் போட்டி சுடப் போகிறாயோ அதிலேயே சுட்டு சைட்டைச் சரிபார்.