கப்பில் அச்சிடும்போது ஓரம் வெளுக்கிறதா?



ரமணாசிரமம் பகுதிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அண்ணாமலை படம் போட்ட காபி கப்பை விரும்பி வாங்குகிறார்கள். தீபத்துக்காக நாங்கள் 24 கப் அச்சிட்டோம். அதில் 9 கப்பில் மலையின் நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது, ஓரமோ வெளுத்துவிட்டது. கடைக்காரர் திருப்பித் தந்துவிட்டார். ஒரு கப்பின் அடக்கம் 90 ரூபாய் என்று வைத்தாலும் 810 ரூபாய் போச்சு! அதில் கற்றதை இங்கே சொல்கிறோம்.

ஏன் வெளுக்கிறது?

சூட்டில் சப்ளிமேஷன் மை ஆவியாகி, கப்பின் மேல்பூச்சுக்குள் இறங்குகிறது. சூடும் அழுத்தமும் எங்கே குறைகிறதோ அங்கே மை சரியாக இறங்காது. மெஷினின் சூட்டுப் பட்டை கைப்பிடிப் பக்கம் சேராது. கப்பின் மேல் விளிம்பு, அடி விளிம்பிலும் சூடு குறைவு. அதனால்தான் ஓரம் கெடுகிறது.

முதலில் கப்பை உற்றுப் பாருங்கள். நிறம் வெளுத்திருந்தால் சூடோ அழுத்தமோ போதவில்லை. புகை படிந்த மாதிரி கலங்கியிருந்தால் பேப்பர் தளர்ந்திருக்கிறது, அல்லது நகர்ந்திருக்கிறது. பழுப்பேறினால் சூடு அதிகம்.

என்ன செய்யலாம்?

1. சாதாரண அளவு கப்புக்குப் படம் 19 செ.மீ. நீளம், 8.5 செ.மீ. உயரத்துக்குள் இருக்கட்டும். விளிம்பு வரை இழுக்காதீர்கள். முகம், எழுத்து இவற்றை ஓரத்தில் வைக்காதீர்கள்.

2. கப்பை ஈரமில்லாமல் துடையுங்கள். பேப்பரை இழுத்துச் சுற்றி, ஹீட் டேப்பால் எல்லா ஓரத்தையும் ஒட்டுங்கள்.

3. கைப்பிடி, சூட்டுப் பட்டையின் இடைவெளிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் வெளுக்கும்.

4. மூடும்போது கை கொஞ்சம் அழுத்தம் உணர வேண்டும். ரொம்ப இறுக்கினால் கப் விரிசல் விடும்.

5. நாங்கள் 180 டிகிரியில் 180 விநாடி வைக்கிறோம். மெஷினுக்கு மெஷின் இது மாறும். வெளுத்தால் சூட்டை ஏற்றாமல், நேரத்தை 10 விநாடி கூட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்; எது பலித்தது என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறமும் சரியாகவில்லையா? விற்க முடியாத, பூச்சுள்ள கப் ஒன்றில் முழுக்க ஒரே அடர்நிறத்தை அச்சிடுங்கள். இரண்டு மூன்று தடவையும் மெஷினின் ஒரே இடத்தில் வெளுத்தால் பட்டையில்தான் பழுது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இடம் மாறி மாறி வெளுத்தால் நாம் சுற்றும் விதத்தைத் திருத்த வேண்டும்.

இன்னொன்று. மற்றவர் எடுத்த படத்தை அனுமதியில்லாமல் அச்சிட வேண்டாம். மலையை நாமே செல்போனில் எடுக்கலாமே!

பெரிய ஆர்டர் வந்தால் முதலில் ஒரே ஒரு கப் போட்டு, வெளிச்சத்தில் பார்த்த பிறகு மீதியைப் போடுங்கள். கெட்டுப்போன கப்பையும் குழு நோட்டில் எழுதுங்கள். அதைக் கழித்து மிஞ்சுவதுதான் உண்மையான லாபம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.