தேயிலை உலர்த்தும் அடுப்பின் இரைச்சலைக் குறைத்தல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை உலர்த்துவதற்கான சூட்டைப் பெரும்பாலும் விறகடுப்புக்களே தருகின்றன. சூடேறிய காற்றை உலர்த்தும் யந்திரத்தினுட் செலுத்த ஒரு விசிறியும், புகையை இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியேற்ற மற்றொரு விசிறியும் சுழல்கின்றன. லயன் அறைகளில் உறங்குவோரின் காதை எட்டுவது முக்கியமாக இவ்விசிறிகளின் இரைச்சலேயாம். இரவிற் குளிர்ந்த காற்றுப் பள்ளத்தாக்கிலே தங்குவதனால், ஒலி மேலெழுந்து போகாமல் நிலத்தை நோக்கி வளைந்து வெகு தூரம் கேட்கும். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டன.

ஒலி பிறக்கும் வகை

நிமிடத்துக்கு 960 முறை சுழலும் எட்டு இதழ் விசிறி, வினாடிக்கு 128 முறை காற்றை வெட்டுகின்றது. அதுவே தாழ்ந்த முழக்கமாகக் கேட்கின்றது. இத்தகைய தாழ்ந்த ஒலி தகரக் கூரையையும் மெல்லிய சுவரையும் எளிதிற் கடக்கும். மரவரிசை நடுவதனால் மட்டும் இதனைத் தடுத்தல் அரிது. ஆதலின் பிறக்குமிடத்திலேயே அதனை அடக்குதல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. விசிறியை நிறுத்தி, இதழ்களிற் படிந்த கரியையும் தூசியையும் அகற்றுக. படிவு ஒரு பக்கம் மிகுந்தால் விசிறி அதிரும். தேய்ந்த பேரிங்குகளையும் தளர்ந்த பெல்ட்டையும் மாற்றுக.

2. விசிறிக்கும் மோட்டாருக்கும் அடியில், வெப்பம் படாத இடத்தில், தடித்த இறப்பர்த் துண்டுகளை இடுக.

3. குழாய்களிற் காற்று ஒழுகும் துவாரங்களை அடைக்குக. ஒழுக்கு நின்றபின் தேவையான காற்றைக் குறைந்த வேகத்திலேயே பெறலாம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஒலி ஏறக்குறைய 5 டெசிபெல் குறையும். ஆனால் உலர்த்தும் யந்திரத்துக்கு வேண்டிய காற்றுக் குறைந்தால் இலை வெந்து தேயிலையின் தரம் கெடும்.

4. இன்னும் இரைச்சல் மிகுந்தால், புகைக்குழாயிலும் அகன்ற வெற்றுப் பெட்டியொன்றைப் பொறியியலாளரின் கணக்குப்படி இடையிற் பொருத்துக. கரியை வாரிச் சுத்தஞ் செய்ய அதற்குக் கதவு இருத்தல் அவசியம்.

எச்சரிக்கை

ஒலியை அடக்குவதற்காகப் புகைபோக்கியின் வாயை ஒருபோதும் ஒடுக்காதீர்கள், தகட்டினால் மூடாதீர்கள். அவ்வாறு செய்தால் புகை அடுப்பறைக்குத் திரும்பும். அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் அற்றது. அடுப்பெரிப்பவரின் உயிரைக் கொள்ளவல்லது. தேயிலையிலும் புகைவாடை ஏறும்.

அடுப்பருகே ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு உரத்துப் பேச நேர்ந்தால், அங்கு வேலை செய்வோருக்குச் செவிக்காப்பு அளித்தல் வேண்டும். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலியைக் கேட்போரின் செவிப்புலன் காலப்போக்கிற் கெடும். அவ்வாறு கெட்டது மீளாது.

வேலைக்கு முன்னும் பின்னும் லயன் வாசலில், அதே இரவு நேரத்தில் ஒலியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 10 டெசிபெல் குறைந்தால், செவிக்கு இரைச்சல் பாதியாய்த் தோன்றும்.